கிணறு இறங்குது, குழாய் சொட்டுது

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் முக்கால்வாசி தண்ணீர்க் கடிதங்கள். பூச்சி, நாற்று, கவாத்துக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: அக்கா, என் மாந்தோப்புக்கு வாய்க்கால் வெட்டித்தான் தண்ணீர் பாய்ச்சி வந்தேன். மூன்று வருடம் முன்பு முழுத் தோப்பையும் சொட்டுநீருக்கு மாற்றினேன். பாதித் தண்ணீர் மிச்சமாகும் என்றார்கள். இப்போது கிணற்றில் நீர்மட்டம் முன்னைவிட வேகமாக இறங்குகிறது. பக்கத்துத் தோட்டக்காரரோ, தன் கிணறு வற்றுவதற்கு என் சொட்டுநீர்தான் காரணம் என்று சண்டைக்கு வருகிறார். சிக்கனமாகச் சொட்டுகிற குழாய் எப்படி அடுத்தவர் கிணற்றை வற்றடிக்கும்?

ப: தம்பி, அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் சாய்வாக எழுதியிருக்கிற ஒரு வரியில் இருக்கிறது: ‘மிச்சப்பட்ட தண்ணீரை நம்பி 150 கொய்யாக் கன்று வைத்திருக்கிறேன்.’

வாய்க்காலில் விட்ட தண்ணீர் என்ன ஆனது? கொஞ்சம் மரம் குடித்தது. கொஞ்சம் வெயிலில் போனது, கொஞ்சத்தைக் களை குடித்தது. மீதி மண்ணுக்குள் இறங்கியது. அந்த இறங்கியதைத்தான் எல்லோரும் ‘விரயம்’ என்று எழுதுகிறோம். நானே பல வருடம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் அது ஓடி ஒளியவில்லை. உங்கள் கிணற்றுக்கும் அவர் கிணற்றுக்கும் பொதுவான ஊற்றுக்கே திரும்பிப் போனது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: அன்று பத்துக் குடம் இறைத்து, நாலு குடத்தை உங்களுக்கே தெரியாமல் திருப்பிப் போட்டீர்கள். நிகரமாக எடுத்தது ஆறு. சொட்டுநீர் வந்ததும் ஆறு குடம்தான் இறைத்தீர்கள், திரும்பியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நிகரம் அதே ஆறு. அதோடு நிறுத்தியிருந்தால் கிணறு அப்படியே இருந்திருக்கும். ‘மிச்சமான’ நாலு குடத்தையும் கொய்யாவுக்குத் திருப்பினீர்களே, அங்கேதான் வந்தது வினை. கொய்யா இலை வழியாக ஆகாயத்துக்குப் போன தண்ணீர் உங்கள் ஊற்றுக்குத் திரும்பாது. இப்போது நிகரம் பத்து. கிணறு இறங்காமல் என்ன செய்யும்?

இது உங்கள் ஒருவர் கதை இல்லை. 2018-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று இதையே சொன்னது. தோட்ட அளவில் சிக்கனம் கூடினாலும், எடுக்கும் தண்ணீருக்கு ஒரு வரம்பு வைக்காவிட்டால் அந்த ஆற்றுப் பகுதி முழுமைக்கும் மிஞ்சுவது அநேகமாக ஒன்றும் இருக்காது என்பது அதன் சாரம். ஸ்பெயினின் வலென்சியா சமவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆரஞ்சுத் தோப்புகளுக்கும் காய்கறி வயல்களுக்கும் பல நூற்றாண்டாக வாய்க்கால் பாசனம். வாய்க்கால் தகராறுகளைத் தீர்க்க, வியாழக்கிழமை நண்பகலில் தேவாலய வாசலில் விவசாயிகளே நீதிபதிகளாக உட்கார்ந்து விசாரிக்கும் தண்ணீர் நீதிமன்றம் உண்டு. 2009-இல் அதை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த ‘விரய’ நீர் கசிந்தும் வழிந்தும்தான் பக்கத்தில் இருக்கிற அல்புஃபேரா ஏரிக்குப் பெரும் வரத்து. மேலே குழாய் போட்டு இறுக்க இறுக்க, ஏரிக்கு யார் ஊற்றுவது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

அதற்காக லேட்டரலை, அதாவது மர வரிசை நெடுக ஓடும் சொட்டுக்குழாயை, சுருட்டிப் பரணில் போடச் சொல்லவில்லை. களை குறைந்திருக்கும், கரண்டு குறைந்திருக்கும், மண் அரிப்பு நின்றிருக்கும். அதெல்லாம் நிஜமான லாபம். அடியில் இருப்பது உப்பு ஊற்றாக இருந்தாலோ, கசிவு நேரே கடலுக்குப் போகிற இடமாக இருந்தாலோ சொட்டுநீரின் மிச்சம் உண்மையிலேயே மிச்சம்தான். உங்கள் இடம் அப்படி இல்லை என்று பக்கத்துக் கிணறே சாட்சி சொல்கிறது. பம்ப் வாயில் ஒரு தண்ணீர் மீட்டர் மாட்டுங்கள். மாதாமாதம் குறித்து வையுங்கள். அந்த நோட்டோடு பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய்ப் பேசுங்கள். கொய்யாவில் எத்தனையை வைத்துக்கொள்வது என்பதை வரும் கோடையின் நீர்மட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கே: சொட்டுநீரை எவ்வளவு நேரம் ஓடவிடுவது? ஒருவர் ஒரு மணி நேரம் என்கிறார், இன்னொருவர் நாலு மணி நேரம் என்கிறார்.

ப: இரண்டு பேருமே உங்கள் மரத்தைப் பார்க்காமல் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் சாத்துக்குடியின் நிழல் குறுக்களவு 4 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். பரப்பு சுமார் 12.5 சதுர மீட்டர். நல்ல வெயில் நாளில் புல்தரையிலிருந்து 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1998-இல் வெளியிட்ட அட்டவணை, வளர்ந்த எலுமிச்சை வகை மரங்களுக்கு இதில் ஏறக்குறைய 0.65 பங்கு என்று சொல்கிறது. ஆக நாளுக்கு 4 மில்லிமீட்டர், அதாவது மரத்துக்கு 50 லிட்டர். மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் (குழாயில் தண்ணீர் சொட்டும் வாய்) நாலு இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மேகம் போட்ட நாளில் இதில் பாதி போதும்.

ஆனால் உங்கள் டிரிப்பர் 8 லிட்டர் விடுகிறதா? முதல் மரத்திலும் கடைசி மரத்திலும் அடியில் பாத்திரம் வைத்து ஆறு நிமிடம் பிடியுங்கள். 800 மில்லி வர வேண்டும். கடைசி மரத்தில் 500தான் வருகிறது என்றால் அடைப்போ அழுத்தக் குறைவோ இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் நேரத்தைக் கூட்டினால் முதல் மரம் மூழ்கும், கடைசி மரம் காயும்.

அடுத்த நாள் காலை டிரிப்பருக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழம் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். மணல் மண்ணில் ஈரம் முள்ளங்கி மாதிரி ஒல்லியாகக் கீழே இறங்கியிருக்கும். களிமண்ணில் பூசணி மாதிரி பரந்திருக்கும். குழியின் அடிமண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கிறதா, விரலிடுக்கில் தண்ணீர் கசிகிறதா? கசிந்தால் நீங்கள் வேருக்குக் கீழே பாய்ச்சிக்கொண்டிருக்கிறீர்கள். மணல் மண்ணுக்கு நேரத்தைப் பிரித்துக் காலை கொஞ்சம், மாலை கொஞ்சம் விடலாம்.

கே: அம்மா, டிரிப்பரைச் சுற்றி வெள்ளையாக வளையம் கட்டுகிறது. எலுமிச்சை இலைகளின் நுனியும் ஓரமும் கருகி உதிர்கின்றன. கடையில் காட்டியதற்குச் சத்துக் குறைபாடு என்று உரம் கொடுத்தார்கள். போட்டபிறகு இன்னும் மோசம். என்ன செய்ய?

ப: முதலில் அந்த உர மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘பொட்டாசியம் குளோரைடு’ என்றால் இன்றே நிறுத்துங்கள். எலுமிச்சை வகைகளுக்குக் குளோரைடு ஆகாது. இலை நுனியிலிருந்து கருகுவது அதன் கையெழுத்து. சாம்பல் சத்து வேண்டுமானால் பொட்டாசியம் சல்பேட்டாகப் போடுங்கள்.

அந்த வெள்ளை வளையம் உங்கள் கிணற்று உப்பு. நீங்கள் அனுப்பிய பரிசோதனைச் சீட்டில் தண்ணீரின் மின்கடத்துத் திறன் (உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவு) மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸ் என்றிருக்கிறது. அப்படியென்றால் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு. நாளுக்கு 50 லிட்டர் விட்டால் மரத்துக்கு 50 கிராம். நூறு நாள் மழையில்லாத கோடையில் ஒரு மரத்தடியில் ஐந்து கிலோ உப்பைக் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள். மரம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பைப் பெரும்பாலும் மண்ணிலேயே விட்டுவிடுகிறது. வாய்க்கால் பாசனத்தில் நிறையத் தண்ணீர் போவதால் உப்பு கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சொட்டுநீரில் ஈரம் எதுவரை போகிறதோ அந்த விளிம்பில் உப்பு போய் உட்கார்ந்துவிடும். நடுவில் நல்ல மண், சுற்றிலும் உப்புச் சுவர். மரம் அந்தச் சுவருக்குள் குடியிருக்கிறது. எல்லா மரமும் ஒரே அளவு தாங்காது. வேர் மண்ணின் உப்பு, அதே மின்கடத்துத் திறன் கணக்கில், 1.7 அளவைத் தாண்டினாலே ஆரஞ்சில் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும், திராட்சையில் 1.5, பேரீச்சை மட்டும் 4 வரை அசையாது.

இனி என் கதை. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் தோட்டத்து மண்ணையும் தண்ணீரையும் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தவள் நான். சொந்தமாகச் சாத்துக்குடி வைத்த மூன்றாம் வருடம் கோட்டைவிட்டேன். நீண்ட வறட்சிக்குப் பிறகு ஒரு சாயங்காலம் முதல் மழை, பதினைந்து மில்லிமீட்டர் இருக்கும். சந்தோஷத்தில் பம்பை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் தோட்டத்துக்குள் போனால் மரத்தடியெல்லாம் இலை. பச்சை இலை, ஓரம் மட்டும் பழுப்பு. நோய் என்று நினைத்து மருந்துகூட வாங்கிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்தச் சின்ன மழை, விளிம்பில் கட்டியிருந்த உப்பைக் கரைத்து நேரே வேருக்குள் தள்ளியிருக்கிறது. உப்பை ஒரு முழம் உள்ளே கொண்டுவரத் தெம்பு இருந்த மழைக்கு, அதைக் கீழே இறக்கத் தெம்பு இல்லை.

அதிலிருந்து முதல் மழை பெய்தால் நான் பம்பைப் போடுகிறேன், மழைக்குள்ளேயே. உள்ளிருந்து சொட்டுநீர் வெளியே தள்ளிக்கொண்டிருக்க, மேலிருந்து மழை கீழே அழுத்த வேண்டும். சேர்ந்து 50 மில்லிமீட்டர் மழை பெய்யும்வரை வழக்கமான நேரத்துக்குச் சொட்டுநீர் ஓடும். குடை பிடித்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்சுகிறவள் என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: டிரிப்பர்களைத் தூரிலிருந்து நிழல் விளிம்பை நோக்கி நகர்த்துங்கள். கன்றாக இருந்தபோது வைத்த இடத்திலேயே எட்டு வருடமாக இருக்கிறது என்று உங்கள் படத்திலேயே தெரிகிறது. மரத்தடியில் காய்ந்த இலை, புல் என்று கிடைத்ததை நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். மேல்மண் ஆவியாவது குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும். நல்ல மழைத் தண்ணீர் கிடைக்கும் காலத்தில் வட்டப்பாத்தி கட்டித் தேக்கி, ஒரே மூச்சில் உப்பைக் கழுவி இறக்குங்கள்.

இறக்கிய உப்பு எங்கே போகும்? கீழேதான். ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றங்கரையில் ஆரஞ்சும் திராட்சையும் செழித்த பகுதிகளில் பாசனக் கசிவு உப்பு ஊற்றை உயர்த்தி ஆற்றுக்குள் தள்ளியது. இன்றுவரை அந்த உப்புநீரை ஆற்றில் சேரும் முன்பே இறைத்து, தூரத்துக் குட்டைகளில் ஆவியாக விட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே வாரம் ஒரு முறை கழுவுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, மண்ணைச் சோதித்துப் பார்த்து.

கே: நடுப்பகலில் தண்ணீர் தெளித்தால் இலைமேல் நிற்கும் துளி பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்து இலையைச் சுட்டுவிடுமாமே?

ப: வழவழப்பான இலையைத் துளி சுடாது. துளி இலையோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதால் வெளிச்சம் குவியும் புள்ளி இலைக்குக் கீழே போய்விடும். சுடுவதற்குள் துளியும் காய்ந்துவிடும். உப்புத் தண்ணீரை இலைமேல் தெளித்தால் அது சுடும், ஆனால் அது உப்பின் வேலை. நடுப்பகலில் தெளிப்பான் போட வேண்டாம் என்பதற்கு நல்ல காரணம் வேறு: காற்றிலும் வெயிலிலும் தண்ணீர் வீணாகப் போகும்.

கே: ஆரஞ்சு மரங்களின் தூரில் பிசின் வடிகிறது. பாத்தி நிறையத் தண்ணீர் கட்டித்தான் பாய்ச்சுகிறேன், வஞ்சனையே இல்லை.

ப: வஞ்சனை இல்லாததுதான் தொந்தரவு. தண்ணீரில் நீந்திப் போகக்கூடிய வித்துகள் கொண்ட பைட்டாப்தோரா என்கிற கிருமிக்கு நீங்கள் குளம் வெட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். அது தூர்ப்பட்டையில் இறங்கினால் மரம் பிசின் வடித்து அழும். அதோடு, ஒரே பாத்தி வழியாக அடுத்தடுத்த மரத்துக்குத் தண்ணீர் போகிறது என்றால் நோயும் வரிசையாகப் போகும். பாத்தியை இரட்டை வட்டமாக்குங்கள்: தூரைச் சுற்றி ஒரு முழம் தள்ளி உயரமாக மண்வரப்பு, அதற்கு வெளியே தண்ணீர் நிற்கும் பாத்தி. தூருக்கு ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்குள் புதைந்திருந்தால் மண்ணை இழுத்துவிட்டு வெளியே தெரியும்படி செய்யுங்கள். பிசின் வடிகிற பட்டையைக் கத்தியால் சுரண்டி, போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்தது) தடவுங்கள். சுரண்டிய பட்டையைத் தோப்புக்குள் போடாதீர்கள்.

கே: சொட்டுநீரோடு யூரியா கலந்து விடுகிறோம். இலை வெளிறினால் அளவைக் கூட்டுகிறோம். இதனால் கிணற்றுத் தண்ணீர் கெடும் என்கிறாளே என் மகள்? அவள் கல்லூரியில் படிக்கிறாள்.

ப: மகள் சொல்வதைக் கேளுங்கள். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும். மண்துகளுக்கும் நைட்ரேட்டுக்கும் ஒரே வகை மின்னேற்றம் என்பதால் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போகும். வேருக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரமும் கூடவே இறங்கும், கடைசியில் குடிதண்ணீரில் வந்து நிற்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரில் பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். நிறத்திலும் ருசியிலும் எதுவும் தெரியாது, அதுதான் பயம்.

ஸ்பெயினில் மார் மெனோர் என்று 135 சதுர கிலோமீட்டர் உப்பங்கழி ஒன்று இருக்கிறது. 1979-இல் தூரத்து ஆற்றிலிருந்து கால்வாய்த் தண்ணீர் வந்ததும் அதன் கரைச் சமவெளி முழுக்கக் காய்கறியும் எலுமிச்சைத் தோப்பும் பெருகின. பெரும்பாலும் நவீன சொட்டுநீர்தான். உரம் மட்டும் கசிந்துகொண்டே இருந்தது. 2016-இல் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சைக் கஞ்சியானது. 2019 அக்டோபரிலும் 2021 ஆகஸ்டிலும் மூச்சுவிட முடியாமல் மீன்கள் கரையில் வந்து செத்துக் குவிந்தன. 2022-இல் அந்த நீர்நிலைக்கே சட்டப்படி ஆள் என்ற தகுதி கொடுத்தார்கள். ஐரோப்பாவில் அதுதான் முதல்.

உங்கள் தோட்டத்துக்கு: ஓடும் நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பங்கு வெறும் தண்ணீர், நடுப்பங்கில் உரம், கடைசியில் குழாயைக் கழுவும் அளவுக்கு மட்டும் வெறும் தண்ணீர். முதலிலேயே உரத்தை விட்டுவிட்டுப் பிறகு ஒரு மணி நேரம் தண்ணீர் ஓட்டினால் அத்தனையும் பாதாளத்துக்குப் போகும். இலை வெளிறினால் உடனே யூரியா என்று முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் இலை வெளிறும்.

இன்னொன்று, அவசரம். நீங்கள் அனுப்பிய படத்தில் உரத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவில் தண்ணீரைப் பின்னோக்கி விடாத வால்வு (நான்-ரிட்டர்ன் வால்வு) எதுவும் கண்ணில் படவில்லை. கரண்டு போய்ப் பம்ப் நிற்கும் நொடியில் குழாயில் இருக்கிற தண்ணீர் பின்னோக்கி ஓடும். ஓடும்போது தொட்டியில் இருக்கிற யூரியாக் கரைசலையும் உறிஞ்சிக் கிணற்றுக்குள் இறக்கிவிடும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலை அந்த வால்வு.

கே: தண்ணீரைக் குறைத்தால் பழம் இனிக்கும் என்கிறார்கள். எப்போது குறைப்பது?

ப: எப்போது என்பதில்தான் எல்லாம். ஆஸ்திரேலியாவின் டட்டூராவில் பீச் மரங்களில் 1970-களிலிருந்து செய்து பார்த்தார்கள். கொட்டை இறுகும் பருவத்தில் காய் மெதுவாகத்தான் வளரும், கிளையோ வேகமாக ஓடும். அந்த நேரத்தில் தண்ணீரைக் குறைத்தால் கிளை அடங்குகிறது, காய்க்கு நஷ்டமில்லை. பிறகு காய் பெருக்கும்போது முழுத் தண்ணீர். சிசிலியில் எலுமிச்சையைக் கோடையில் வாட வாடக் காயப் போட்டு, பிறகு தாராளமாகத் தண்ணீர் விட்டு, பருவம் தப்பிய பூவை வரவழைப்பார்கள். மாவில் பூ வருவதற்கு முந்தைய இரண்டு மாதம் வாட்டம் நல்லது. ஆனால் பிஞ்சு பிடித்தபிறகு யாராவது ‘இனிப்புக்காக’ வாட்டினால் பிஞ்சு கொட்டும்; பிறகு இனிப்பதற்கு மரத்தில் எதுவும் இருக்காது.

கே: அணில் லேட்டரல் குழாயைக் கடித்துக் கடித்துத் துளை போடுகிறது. வாரம் பத்து இடத்தில் ஒட்டுப் போடுகிறேன். மருந்து வைக்கலாமா?

ப: வைக்காதீர்கள். பெரும்பாலும் அதற்குத் தாகம்தான். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் அதற்குக் கேட்கும். வரிசைக்கு ஒன்றாக அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். பூச்சிகளும் பறவைகளும் ஏறி உட்கார நடுவில் ஒரு கல். என் தோட்டத்தில் கடி முழுவதும் நிற்கவில்லை, வாரம் பத்து என்பது மாதம் இரண்டு மூன்றானது. வெட்டி எறிகிற பழைய குழாய்த் துண்டுகளை மரத்தடியில் போட்டு எரிக்காமல், கடைசித் துண்டுவரை பொறுக்கி ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். சட்டியில் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் கொசுக் கேள்வியோடு எனக்கு எழுதுவீர்கள்.